காய்கறி மலிவுதானே, அப்புறம் ஏன் சர்க்கரை ஏறுகிறது?

ஈசூன்_தங்கச்சி · ஞாயிறு இரவு 11.40

மதியம் மாமியார் வீட்டு விருந்தில் நடந்தது இன்னும் தொண்டையில் நிற்கிறது, யாரிடமாவது கொட்டாவிட்டால் தூக்கம் வராது. என் அண்ணனுக்கு 52 வயது. இங்கே சிங்கப்பூரில் பாதுகாவலர் வேலை, 12 மணி நேரம், பெரும்பாலும் இரவு முறை. போன மாதம் பலதுறை மருந்தகத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 9.1 என்று வந்தது. டாக்டர் பொறுமையாகத்தான் சொல்லியிருக்கிறார்: சிவப்பரிசிச் சோறு, தட்டில் பாதி காய்கறியும் பழமும், இனிப்பில்லாத கோப்பி, தினமும் நடை.

விருந்தில் இந்தப் பேச்சு வந்ததும் என் கணவருடைய நண்பர் ஒருவர், காண்டோ என்ற வசதியான தனியார் குடியிருப்பில் இருப்பவர், சைக்கிள் மட்டும் எட்டாயிரம் வெள்ளிக்கு (டாலர்) வைத்திருப்பவர், "கங்கோங் கீரை ஒரு கட்டு ஒரு வெள்ளி. காய்கறி என்ன தங்கமா? வாயைக் கட்டத் தெரியவில்லை, அவ்வளவுதான்" என்றார். அண்ணன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். சிரித்தார். அப்புறம் தட்டில் இருந்த இரண்டாவது வடையை மெதுவாக எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டார். கடைசிவரை தொடவில்லை.

எங்கள் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அந்தக் காலத்தில் ஏழை என்றால் விலா எலும்பை எண்ணலாம், முதலாளி என்றால் தொப்பை. இப்போது நான் வேலை பார்க்கும் கட்டடத்தில் மாடி ஏற ஏற ஆட்கள் ஒல்லியாகிறார்கள். கீழே துப்புரவு அக்காமார்களுக்கு எல்லாம் முட்டிவலி, இனிப்புநீர், ரத்தக்கொதிப்பு. இது எப்போது தலைகீழானது? காசுதான் காரணமா, இல்லை அந்த மனிதர் சொன்ன மாதிரி வாய்தான் காரணமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அறிவுரை மட்டும் வேண்டாம், அண்ணனுக்கு அது ஏற்கெனவே தாராளமாகக் கிடைக்கிறது.

கணக்குப்பிள்ளை · திங்கள் காலை 6.15

தங்கச்சி, உங்கள் கோபம் நியாயம். நாலு பேர் நடுவில் ஒருவரை அப்படிப் பேசியது தப்பு. ஆனால் விலை விஷயத்தில் அந்த ஆள் பொய் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் ஓய்வுபெற்றுப் பத்து வருஷம் ஆகிறது, வீட்டுச் செலவை இன்றுவரை நோட்டில் எழுதுகிறேன். போன வாரம் ஈரச்சந்தையில் எனக்கும் மனைவிக்குமாக வாங்கியது: கங்கோங், சாய் சிம், முட்டைக்கோஸ் மூன்றும் சேர்த்து ஆறு வெள்ளிக்குள். தௌகுவா (கெட்டிச் சோயாக் கட்டி) இரண்டு பாக்கெட் இரண்டரை வெள்ளி. முப்பது முட்டை எட்டு வெள்ளிக்குக் கொஞ்சம் கீழே, அது பத்து நாளைக்கு வரும். கெம்போங் மீன் அரைக் கிலோ நான்கு வெள்ளி. பருப்பு பயறெல்லாம் மாதம் ஒரு தடவை தேக்காவில். ஒரு ஆளுக்கு ஒரு வேளை என்று வகுத்துப் பார்த்தால் இரண்டு வெள்ளியைத் தாண்டவில்லை. காப்பிக்கடையில் மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்) ஐந்து வெள்ளி, தே (கெட்டிப்பால் தேநீர்) ஒன்றரை. ஆக, வீட்டில் சமைத்தால் மலிவும் அதுதான், உடம்புக்கு நல்லதும் அதுதான். இதில் ஏழை பணக்காரன் எங்கே வந்தது?

இரவுக்கோப்பி · திங்கள் காலை 7.02

அண்ணே, கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. சமைத்தது யார்?

கணக்குப்பிள்ளை · திங்கள் காலை 7.20

மனைவி.

இரவுக்கோப்பி · திங்கள் காலை 7.21

நோட்டில் அவருக்குச் சம்பளம் எவ்வளவு எழுதியிருக்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை · திங்கள் காலை 7.48

சரி சரி, குத்தல் புரிகிறது. இதை அவளுக்குப் படித்துக் காட்டினேன், சிரித்துக்கொண்டே தோசைக் கரண்டியைக் காட்டினாள். இருந்தாலும் முட்டை அவிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

தாதி_இருபதாண்டு · திங்கள் மாலை 4.30

நானும் இரவு முறைதான், தூங்கி எழுந்து இப்போதுதான் பார்க்கிறேன். முதலில் ஒன்று கேட்கிறேன். அண்ணன் குண்டா? தங்கச்சி அப்படி எங்கேயுமே சொல்லவில்லை. ஆனால் சர்க்கரை என்றதும் எல்லோரும் மனதுக்குள் ஒரு தொப்பையை வரைந்துகொண்டு பேசுகிறோம்.

நம் ஆட்களில் நிறையப் பேர் சட்டை போட்டால் ஒல்லி, உள்ளே கொழுப்பு. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது, எனக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் காட்டியது, மறக்கவே இல்லை. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் இங்கிலாந்தைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் உடல் எடைக் குறியீடு ஒரே 22.3. கொழுப்பை அளந்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. யுட்கின் மாரத்தான் ஓடுகிறவர், யாஜ்னிக்குக்கு உடற்பயிற்சி என்றால் காலையில் மருத்துவமனை மின்தூக்கிக் கதவு மூடுவதற்குள் ஓடிப் பிடிப்பதுதான் என்று அவர்களே எழுதியிருந்தார்கள். அதையும் கணக்கில் வைக்க வேண்டும். ஆனால் நம் உடம்பு வாகும் அதில் இருக்கிறது. அதனால்தான் இங்கே குறியீடு 23 வந்தாலே எச்சரிக்கிறோம், 27.5 வந்தால் அதிக அபாயம் என்கிறோம். இடுப்பு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. எடை மெஷினைவிட தையல்காரர் நாடா உண்மை பேசும்.

இன்னொன்றும் உண்டு. தாய் வயிற்றில் இருக்கும்போது பட்டினியைப் பார்த்த பிள்ளை, பின்னாளில் சோறு கிடைக்கும் இடத்தில் வளர்ந்தால் அதன் உடம்பு சர்க்கரையைச் சமாளிக்கத் திணறும். நெதர்லாந்தில் 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் கருவில் இருந்தவர்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்து இதைக் கண்டார்கள். மூட்டை தூக்கிய அப்பாவின் வீட்டில் அம்மா என்ன சாப்பிட்டார் என்று யாருக்குத் தெரியும். ஏழ்மை போன தலைமுறையோடு முடிந்துபோவதில்லை என்று சொல்ல வந்தேன்.

2017 தேசிய தினப் பேரணியில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு நீரிழிவு. இந்த ஆறு பேருக்கும் வாயைக் கட்டத் தெரியாதா?

எண்சுவடி · திங்கள் இரவு 9.05

"எப்போது தலைகீழானது" என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், மற்றதை அனுபவப்பட்டவர்கள் சொல்லட்டும்.

1989இல் சோபல், ஸ்டங்கார்ட் என்ற இரண்டு பேர் 144 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். வளரும் நாடுகளில் வசதி கூடக்கூட எடை கூடுகிறது. பணக்கார நாடுகளில் நேர்மாறு, அதுவும் பெண்களிடம் மிகத் தெளிவாக. தங்கச்சியின் அப்பா பார்த்தது முதல் வகை உலகம், தங்கச்சி பார்ப்பது இரண்டாவது. மூட்டை தூக்கும் வேலை, எண்ணெயும் சீனியும் விலை அதிகம் என்ற காலத்தில் கொழுப்பது பெரிய ஆடம்பரம், முதலாளிக்குத்தான் கட்டுப்படியாகும். எண்ணெய், மாவு, சீனி மூன்றும் மலிந்து, வேலை நாற்காலிக்கு மாறியபின் ஒல்லியாக இருப்பதுதான் ஆடம்பரம்.

தமிழ்நாடு இப்போது அந்த வளைவில்தான் திரும்பிக்கொண்டிருக்கிறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 2015-16இல் எடை கூடிய பெண்கள் 30.9 சதவீதம், 2019-21இல் 40.4. ரேஷனில் அரிசி இலவசம், கீரை இலவசம் இல்லை.

கணக்குப்பிள்ளை அண்ணனுக்கு ஒரு கணக்கு. 2019இல் அமெரிக்காவில் கெவின் ஹால் குழு 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் பாக்கெட்டில் வரும் ஆலைத் தயாரிப்புகள், இரண்டு வாரம் புதிதாகச் சமைத்த சாப்பாடு என்று கொடுத்தார்கள். சீனி, கொழுப்பு, உப்பு, நார் எல்லாம் இரண்டிலும் சமமாக வைத்து, வேண்டிய மட்டும் சாப்பிடுங்கள் என்றார்கள். ஆலைச் சாப்பாட்டில் நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது, இரண்டே வாரத்தில் 0.9 கிலோ ஏறியது. பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். அதே கட்டுரையில் விலையும் இருக்கிறது: நாளைக்கு 2,000 கலோரி வீதம் ஒரு வாரத்துக்கு ஆலைச் சாப்பாடு 106 அமெரிக்க டாலர், சமைத்தது 151. இதில் சமைத்தவர் கூலி சேரவில்லை.

கல்லாப்பெட்டி · திங்கள் இரவு 11.55

கடையைக் கழுவிவிட்டு வந்தேன். காப்பிக்கடையில் ஸ்டால் போட்டு பதினான்கு வருஷம், பரோட்டா, தோசை, மீ கோரெங். அடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தால் எப்படி என்று சொல்கிறேன்.

மாவும் எண்ணெயும் கெட்டுப்போகாது. மாவை மெஷின் பிசைந்துவிடும். வெண்டைக்காய் வாங்கினால் கழுவ வேண்டும், துடைக்க வேண்டும், நறுக்க ஒரு ஆள் நிற்க வேண்டும், விற்காவிட்டால் மறுநாள் குப்பை. சந்தையில் காய் மலிவு என்கிறீர்கள், உண்மை. தட்டுக்கு வரும்போது அது மலிவு இல்லை, நடுவில் ஒரு ஆளின் சம்பளம் இருக்கிறது. பரோட்டாவுக்குக் காய்கறிக் கூட்டு கூட வைத்துக் கொடுத்தால் ஐம்பது காசு ஏற்ற வேண்டும், ஏற்றினால் முகம் சுளிக்கிறார்கள். சிவப்பரிசிச் சோறு மூன்று மாதம் போட்டுப் பார்த்தேன். கேட்டு வாங்கியவர்கள் எல்லாம் அலுவலக உடை போட்டவர்கள். லாரி ஓட்டுபவர், குப்பை வண்டிக்காரர் யாரும் கேட்கவில்லை. காலை ஆறரைக்கு வரும் ஆள் ஒன்றுதான் கேட்பார்: "அண்ணே, எது தாங்கும்?" மத்தியானம் ஒரு மணி வரை பசி எடுக்காமல் தாங்க வேண்டும், கையைக் கடிக்காத விலையிலும் இருக்க வேண்டும். இரண்டு முட்டைப் பரோட்டாவும் ஒரு தேவும் தாங்கும். ஆப்பிள் தாங்காது. நான் டாக்டர் இல்லை, ஆனால் அவர்கள் முட்டாள்கள் இல்லை என்று எனக்குத் தெரியும். கையில் இருக்கும் காசுக்குச் சரியான பொருளைத்தான் வாங்குகிறார்கள்.

பானத்தில் மட்டும் மாற்றம் வந்ததைக் கண்ணால் பார்த்தேன். பானத்தில் சீனியும் கொழுப்பும் எவ்வளவு என்று தரம் காட்டும் நியூட்ரி-கிரேட் முத்திரை 2022 டிசம்பர் கடைசியில் புட்டிக்கும் டின்னுக்கும் வந்தது. ஆனால் அது வரப்போகிறது என்று தெரிந்ததுமே கம்பெனிகள் சீனியைக் குறைக்க ஆரம்பித்துவிட்டார்கள். பானங்களை வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்கும் பானத்தின் சீனி 2017இல் 7.1 சதவீதம், 2021இல் 4.6. வாங்குகிற ஆள் எதையும் யோசிக்கவில்லை, விலை ஏறவில்லை, சீனி மட்டும் குறைந்தது. என்னைக் கேட்டால் நூறு சுவரொட்டிக்கு இது மேல். என் பக்கத்துத் தேநீர்க் கடை சின்னக் கடை, அதற்கு அந்த விதி இல்லை, கெட்டிப்பால் இன்னும் பழையபடிதான் ஊற்றுகிறார். நானும் அதைத்தான் குடிக்கிறேன், மறைக்கவில்லை.

ஓட்டக்காரன் · செவ்வாய் காலை 5.50

எல்லோரும் சேர்ந்து ஒழுக்கம் என்ற வார்த்தையையே கெட்ட வார்த்தை ஆக்கிவிட்டீர்கள். நானும் மூவறை வீட்டில் ஏழு பேரோடு வளர்ந்தவன். பள்ளிக்கூடத்தில் டாஃப் (TAF) மன்றத்தில் போட்டு இடைவேளையில் ஓடவிட்டார்கள். (தெரியாத தம்பி தங்கைகளுக்கு: 1992இலிருந்து 2007 வரை இங்கே இருந்தது, எடை கூடிய பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து உடற்பயிற்சி. அந்த மூன்றெழுத்தைத் திருப்பிப் படித்தால் ஆங்கிலத்தில் குண்டு என்று வரும், அதைச் சொல்லியே கூப்பிடுவார்கள்.) அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் இன்றைக்கு வாரம் 40 கிலோமீட்டர் ஓடுகிறேன், மருந்து கிடையாது. பூங்கா இணைப்பு வழி இலவசம். காலணி ஒன்று போதும். சாக்குச் சொன்னால் சாக்குத்தான் மிஞ்சும்.

இரவுக்கோப்பி · செவ்வாய் காலை 6.10

என்ன வேலை பார்க்கிறீர்கள் அண்ணே?

ஓட்டக்காரன் · செவ்வாய் காலை 6.31

வங்கியில் கணினிப் பிரிவு. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

எண்சுவடி · செவ்வாய் மதியம் 1.15

ஓட்டக்காரன் அண்ணே, உங்கள் உழைப்பை யாரும் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஆள் அதே ஆளாக இருந்து, இருக்கும் இடம் மட்டும் மாறினால் என்ன ஆகும் என்று ஒரு தடவை நிஜமாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1994 முதல் 1998 வரை, ஐந்து நகரங்களில், ஏழைக் குடியிருப்புகளில் இருந்த 4,498 குடும்பங்களுக்குக் குலுக்கல் முறையில் வாய்ப்புக் கொடுத்தார்கள். சீட்டு விழுந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு ஏழ்மை குறைந்த பேட்டைக்குக் குடிபோக வாடகை உதவி. சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஓடு என்றும் சொல்லவில்லை. பத்துப் பதினைந்து வருஷம் கழித்து அந்தப் பெண்களை அளந்தார்கள். குடிபோக உதவி கிடைத்தவர்களிடம் கடுமையான பருமனும் நீரிழிவும் மற்றவர்களைவிடத் தலா நான்கு சதவீதப் புள்ளிக்கு மேல் குறைவாக இருந்தன. குலுக்கலில் சீட்டு விழுந்ததால் ஒருவருக்கு ஒழுக்கம் வந்துவிடுமா?

ஏன் குறைந்தது என்று அந்த ஆய்வு கையை வைத்துக் காட்டவில்லை, அதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கடை, நடைபாதை, பயம், தூக்கம், எதுவாகவும் இருக்கலாம்.

ஓட்டக்காரன் · செவ்வாய் மதியம் 1.40

அமெரிக்காவில் ராத்திரி தெருவில் நடக்கப் பயம். இங்கே அந்தப் பயம் இல்லையே. எல்லாப் பேட்டையிலும் ஒரே சந்தை, ஒரே பூங்கா. அதை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது.

எண்சுவடி · செவ்வாய் மதியம் 1.52

அது நியாயமான கேள்வி. ஒப்புக்கொள்கிறேன்.

சிராங்கூன்_ஞாயிறு · செவ்வாய் இரவு 10.50

டார்மில் (வெளிநாட்டு ஊழியர் விடுதி) இருந்து எழுதுகிறேன். தமிழில் பிழை இருந்தால் போனைத் திட்டுங்கள். கேட்டரிங் சாப்பாட்டுக்கு மாதம் 140 வெள்ளி. விடிகாலை பாக்கெட் வரும்போதே மத்தியானச் சோறும் சேர்ந்து வந்துவிடும். அதைச் சைட்டில் கம்பியில் தொங்கவிட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம். 12 மணிக்குப் பிரித்தால் சில நாள் சாம்பார் நுரைத்திருக்கும். அன்றைக்குச் சாப்பாடு இரண்டு பன், ஒரு டின் இனிப்புத் தண்ணீர். வேலை ஓட வேண்டுமே.

இன்னொரு கதை சொல்கிறேன், சிரிப்பீர்கள். பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். நான் வரும் முன்னால் வீட்டில் கேப்பைக்கூழ், முருங்கைக்கீரை, வாய்க்கால் மீன். எங்கே போனாலும் நடை. நான் அனுப்பிய பணத்தில் முதலில் கிரைண்டர் வந்தது, அப்புறம் வண்டி வந்தது, அப்புறம் வாரத்துக்கு மூன்று நாள் பிராய்லர், பிள்ளைகளுக்கு பிஸ்கட் டப்பா. கூழ் குடித்தால் இப்போது மனைவிக்கு வெட்கம், வெளிநாட்டுக்காரன் வீட்டில் கூழா என்று பக்கத்து வீட்டில் கேட்பார்களாம். போன தடவை ஊருக்குப் போனபோது அவளுக்குப் பத்துக் கிலோ கூடியிருந்தது, எனக்கு ஆறு கிலோ குறைந்திருந்தது. ஒரே சம்பளம் அண்ணே, இரண்டு உடம்பு.

கல்லாப்பெட்டி · செவ்வாய் இரவு 11.58

தம்பி, ஞாயிற்றுக்கிழமை ஈசூன் பக்கம் வந்தால் கடைக்கு வாங்க. காசு கேட்க மாட்டேன்.

ஈசூன்_தங்கச்சி · புதன் இரவு 10.20

எல்லோருக்கும் நன்றி. தாதி அக்கா கேட்டது சரி, அண்ணன் குண்டு இல்லை. 64 கிலோ. கை கால் குச்சி, வயிறு மட்டும் முன்னால் நிற்கும். நாடாவை எடுத்துக்கொண்டு இன்று காலை அவர் வீட்டுக்கே போனேன். 96.

அந்த வீட்டுக்குள் நான் சமையலறை வரை போனது இதுதான் முதல் தடவை. எப்போதும் வாசலோடு பேசிவிட்டு வந்துவிடுவேன். விவாகரத்துக்குப் பிறகு வாடகை ஓரறை வீடு, இன்னொரு பெரியவரோடு பகிர்வு. நடுவில் ஒரு அலமாரியைத் திருப்பிப் போட்டுத்தான் தடுப்பு. சமையலறையில் ஒரே ஒரு அடுப்பு, அதன் மேல் பெரியவரின் துணி காய்கிறது, குளிர்பெட்டியில் மேல்தட்டு அவருக்கு, கீழ்தட்டு அண்ணனுக்கு. கீழ்தட்டில் ஒரு எலுமிச்சம்பழம், அரை டின் கெட்டிப்பால், அவ்வளவுதான். அரசாங்கம் வீட்டுக்கு வீடு கொடுக்கும் சிடிசி பற்றுச்சீட்டில் பேரங்காடிக்கு என்று ஒதுக்கிய பாதிக்கு என்ன வாங்கினீர்கள் என்று கேட்டேன். அரிசி, எண்ணெய், மூன்று-ஒன்று கோப்பிப் பொடி (சீனியும் பால்பொடியும் கலந்தே வருவது), கப் மீ (வெந்நீர் ஊற்றும் குவளை நூடுல்ஸ்). "கெடாதது எது என்று பார்த்து வாங்கினேன்" என்றார். கல்லாப்பெட்டி அண்ணன் மாவைப் பற்றிச் சொன்னதை இவரும் சொல்லிவிட்டார்.

நாள் எப்படிப் போகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டேன், கணக்குப்பிள்ளை அண்ணனைப் பார்த்துப் பழகிய பழக்கம். மாலை ஆறு மணிக்கு இரண்டு பரோட்டா, ஒரு தே. ஏழு மணிக்கு வேலை ஆரம்பம். ஒரு மணிக்குக் காவல்கூடத்தில் கப் மீ. மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் தூக்கம் வராமல் இருக்க அந்தப் பொடிக் கோப்பி. காலை எட்டு மணிக்கு நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு), ஏனென்றால் அந்த நேரத்தில் திறந்திருப்பதும் சூடாக இருப்பதும் அதுதான். அப்புறம் தூக்கம், பக்கத்தில் பெரியவர் தொலைக்காட்சி. ஐந்து மணி நேரம் தூங்கினால் அதிர்ஷ்டம். வாயைக் கட்டு என்றால் இந்த ஆள் எதைக் கட்டுவது?

கடன் எவ்வளவு என்றும் கேட்டேன். சொல்லவில்லை. மேசையில் மூன்று விதமான உறைகள் பிரிக்காமல் கிடந்தன. மகளின் பாலிடெக்னிக் கட்டணம் ஒன்று என்று மட்டும் எனக்குத் தெரியும்.

எண்சுவடி · புதன் இரவு 11.10

அந்த உறைகளை விட்டுவிடாதீர்கள் அக்கா. இது இந்த ஊரிலேயே செய்த ஆய்வு, 2019இல் வந்தது. கடனில் இருந்த குறைந்த வருமானக்காரர்கள் 196 பேருக்கு ஒரு தொண்டு அமைப்பு, ஆளுக்கு 5,000 வெள்ளி வரை, அவர்கள் பாக்கிகளை அடைத்தது. அடைப்பதற்கு முன்னும், அடைத்து மூன்று மாதம் கழித்தும் அவர்களைச் சோதித்தார்கள். பதற்றம் குறைந்தது, கவனம் கூடியது, இன்றைக்கே வேண்டும் என்ற அவசரம் தணிந்தது. இதில் எனக்குப் பிடித்தது எது தெரியுமா, எவ்வளவு வெள்ளி அடைபட்டது என்பதைவிட எத்தனை கடன் கணக்கு முழுசாக மூடியது என்பதுதான் அதிகம் வேலை செய்தது. ஐந்து இடத்தில் கொஞ்சம் கொஞ்சம் பாக்கி வைத்திருப்பவனுக்கு ஐந்து பேர் தலைக்குள் பேசுகிறார்கள். டாக்டர் சொன்ன பாதித் தட்டு அந்தச் சத்தத்தில் கேட்காது. சின்ன பாக்கியாகப் பார்த்து முதலில் ஒன்றை மூடுங்கள்.

ஓட்டக்காரன் · வியாழன் காலை 5.45

தங்கச்சி, அந்த அட்டவணையைப் படித்தேன். ஓடச் சொல்ல மாட்டேன். என் கருத்து முழுதாக மாறிவிட்டது என்று சொன்னால் பொய், பகல் வேலைக்கு மாற்றிக்கொள்ள அவரும் முயற்சி எடுக்க வேண்டும். ஆனால் ஐந்து மணி நேரத் தூக்கத்தில் நானும் கெட்டிப்பால்தான் குடித்திருப்பேன்.

ஈசூன்_தங்கச்சி · வியாழன் காலை 8.30

பகல் வேலை கேட்டுப் பார்த்துவிட்டார். பகலுக்கு ஆள் நிறைய, இரவுக்குத்தான் ஆள் இல்லை. சரி, இப்போதைக்கு அந்த ஒரு மணிக் கப் மீயை மட்டும் மாற்றலாம் என்று நினைக்கிறேன். காவல்கூடத்தில் தண்ணீர் கொதிக்கும் கெண்டி மட்டும் உண்டு. நான் சாயந்திரம் சமைத்துக் கொடுத்தால் ராத்திரி வரை தாங்குமா? சுண்டல் மாதிரி?

தாதி_இருபதாண்டு · வியாழன் மாலை 4.50

சுண்டல் நல்ல யோசனை, புரதமும் இருக்கிறது, சர்க்கரையும் சட்டென்று ஏறாது. ஆனால் சமைத்ததைச் சும்மா டப்பாவில் போட்டு நான்கு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள், நம் ஊர்ச் சூட்டுக்குக் கெட்டுவிடும். வாய் அகன்ற சூட்டுக்குடுவையில் கொதிதண்ணீர் ஊற்றிக் கொட்டிவிட்டு, சுடச்சுடப் போட்டு மூடினால் 60 டிகிரிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளலாம். மாத்திரை போடுகிறார் என்றால் சாப்பாட்டு நேரத்தை மாற்றும் முன் பலதுறை மருந்தகத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

சிராங்கூன்_ஞாயிறு · வியாழன் இரவு 10.15

நான்கு மணி நேரமா அக்கா? இதை எங்கள் கேட்டரிங்காரரிடம் யார் சொல்வது.

கணக்குப்பிள்ளை · வியாழன் இரவு 10.40

தங்கச்சி, அந்த மாதிரிக் குடுவை ஒன்று எங்கள் வீட்டில் சும்மா கிடக்கிறது, பேத்தி பள்ளிக்கூடம் முடித்தபின் யாரும் தொடவில்லை. மனைவி எடுத்துக் கழுவி வைத்துவிட்டாள். சனிக்கிழமை ஈசூன் சந்தைக்கு வருகிறோம், எந்த புளோக் என்று தனியாக எழுதுங்கள். கொண்டைக்கடலையும் ஊறப்போடட்டுமா என்று கேட்கிறாள். இதை நோட்டில் எழுத மாட்டேன்.

ஈசூன்_தங்கச்சி · வியாழன் இரவு 11.25

அண்ணனைக் கேட்டேன். கொண்டைக்கடலை வேண்டாமாம், காவல்கூடம் சின்ன அறை, கூட இன்னொருவர் இருக்கிறார், வாயு என்கிறார். பச்சைப்பயறு சாப்பிடுவார். தேங்காய் இல்லாமல் கொடுத்தால் மட்டும் என்னைத் திட்டுவார், உங்கள் வீட்டு அக்காவிடம் கொஞ்சம் தூவச் சொல்லுங்கள்.